ரேஸ் கார் டயர் ஏன் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிறது?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு டயரில் வந்து நிற்கும். பக்கத்தில் பஞ்சர் கடை, அதன் வாசலில் கழற்றிப் போட்ட லாரி டயர்கள், இறக்கத்தில் இறங்குமுன் பிரேக்கையும் காற்றையும் பார்த்துக்கொள்ள ஓரங்கட்டிய டாரஸ் வண்டிகள். அக்கா மகன் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் வேறு பேச்சே கிடையாது. டீ வருவதற்குள் கேட்டான்: “மாமா, ரேஸ் கார்ல கழட்டிப் போடுற டயரப் பாத்தா உள்பக்கம் மட்டும் மொட்டையா இருக்கு. வெளிப்பக்கம் புதுசாட்டம் இருக்கு. அத்தன லட்சம் போடுறவங்க ஒரு அலைன்மென்ட் பாக்க மாட்டாங்களா?”

பார்க்கிறார்கள் மாப்ளே. பார்த்துத்தான் அப்படி வைக்கிறார்கள். ஆனால் அந்தத் தேய்மானத்தில் வேண்டியது எவ்வளவு, வீண் எவ்வளவு என்று பிரித்தறிவதில்தான் வேலையே இருக்கிறது.

உருண்டு போகும் டயர் அவ்வளவாகத் தேயாது. வழுக்கும் டயர்தான் தேயும். கார் திரும்ப வேண்டுமென்றால் தரை அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலை வாங்கித் தருவது நான்கு டயர்களும் தரையைத் தொடும் நான்கு சின்ன இடங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்ததும் சக்கரம் பார்க்கும் திசையும் வண்டி போகும் திசையும் சில பாகை விலகுகின்றன. தரையைத் தொட்ட ரப்பர் முதலில் பிடித்துக்கொண்டு நெளிகிறது. தொடும் பரப்பின் பின்கோடிக்கு வரும்போது பிடியை விட்டுச் சறுக்குகிறது. நெளிவு தருவது பிடிமானம். சறுக்கல் தருவது சூடும் தேய்மானமும். இரண்டும் சேர்ந்தே வரும். ஆகவே சஸ்பென்ஷனில் கை வைப்பவர் தேய்மானத்தை ஒழிக்கப் பார்ப்பதில்லை. வண்டியைத் திருப்ப உதவாத சறுக்கலை எடுத்துவிட்டு, உதவும் சறுக்கலை நான்கு டயருக்கும், ஒவ்வொரு டயரின் முழு அகலத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கப் பார்க்கிறார். நடை கோணலாக இருந்தால் செருப்பு ஒரு ஓரம் தேய்வதைப் பார்த்திருப்போம். செருப்புத் தோலைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இப்போது உள்பக்கக் கேள்விக்கு வருவோம். 600 கிலோ எடையுள்ள ரேஸ் கார். எடையின் மையம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 150 சென்டிமீட்டர். வண்டியின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு வளைவில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 600-ஐ 30-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 120. அத்தனை கிலோ, வளைவின் உள்பக்கச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறிவிடும். நிற்கும்போது பக்கத்துக்கு 300 கிலோ. வளைவில் ஒரு பக்கம் 420, மறுபக்கம் 180. ஆக வளைவில் வண்டியைத் தாங்குவது வெளிப்பக்க டயர்கள்தான். கடிகார முள் திசையில் சுற்றும் தடத்தில் வலது வளைவுகள் கூடுதலாக இருப்பதால் இடது டயர்கள் முதலில் தீர்வதும் இதனால்தான்.

எடை மாறும்போது காரின் உடம்பும் வெளிப்பக்கம் சாயும். உடம்போடு சேர்ந்து வெளிச்சக்கரமும் சாயும். மேல்முனை வெளியே போகும், டயரின் வெளி ஓரம் மட்டும் தரையில் அமரும். அந்த ஓரம் ஒன்றே 420 கிலோவில் பெரும்பங்கைத் தாங்கினால் சில சுற்றுகளில் கிழிந்து போகும். அதைத் தடுக்கத்தான் நிற்கும்போதே சக்கரத்தின் மேல்முனையை உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். நெகட்டிவ் கேம்பர் என்பது அதுதான். சாலையில் ஓடும் காரில் அது பெரும்பாலும் ஒரு பாகைக்குள் இருக்கும். பந்தயக் காரில் 3 பாகை சாதாரணம். வளைவில் உடம்பு சாயச் சாய, உள்ளே சாய்ந்திருந்த வெளிச்சக்கரம் நிமிர்ந்து முழு அகலத்தையும் தரையில் வைக்கும். பிறகு நேர்பாதை வந்ததும் பழையபடி உள் ஓரத்தில் நின்று ஓடும். நேர்பாதை நீளமாக இருந்தால் அந்த உள் ஓரம் சூடேறிக்கொண்டே போகும். நீ பார்த்த மொட்டை, வளைவில் வாங்கிய பிடிமானத்துக்கு நேர்பாதையில் கட்டிய கடன்.

“அப்ப கேம்பரக் கொறச்சுட்டா டயர் நிக்கும்” என்றான்.

பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கேம்பரைக் குறைத்துவிட்டு வண்டி சாய்வதை அப்படியே விட்டால் உள் ஓரம் பிழைக்கும், வெளி ஓரம் போய்விடும். அதுவும் முன்பைவிட வேகமாகப் போகும். ஏனென்றால் உள் ஓரம் தேய்வது லேசான பாரத்தில், வெளி ஓரம் தேய்வது வளைவின் முழுப் பாரத்தில். முதலில் வண்டி சாய்வதைக் குறைக்க வேண்டும். இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல் பாரை ஒரு படி இறுக்கலாம், விதி இடம் கொடுத்தால் வண்டியின் உயரத்தை இறக்கலாம். காஸ்டர் என்ற இன்னொரு கோணமும் இருக்கிறது. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சைப் பின்பக்கம் சாய்த்து வைப்பது அது. காஸ்டரைக் கூட்டினால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் வெளிச்சக்கரம் தேவையான அளவு உள்ளே சாயும், நேர்பாதையில் நிமிர்ந்தே இருக்கும். வேண்டும்போது மட்டும் கேம்பர் கிடைக்கிறது. ஸ்டியரிங் கனமாகும், அது அதன் விலை. இத்தனையும் செய்த பிறகு நிலையான கேம்பரை 3 பாகையிலிருந்து இரண்டரைக்கு இறக்கினால் உள்பக்கத் தேய்மானம் குறையும், வளைவில் இழப்பு இருக்காது.

ஆனால் உள்பக்கம் தேய்ந்தாலே கேம்பர் மேல் பழி போடுவது எனக்கு ஒப்பாத காரியம். பாதிக்குப் பாதி நேரம் குற்றவாளி டோ.

பக்கத்து பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த டாரஸ் டிரைவர் ஒருவர் இந்த இடத்தில் பேச்சில் சேர்ந்துகொண்டார். தன் வண்டியில் முன் டயர் ரெண்டும் இதே கதைதான் என்றார். பஞ்சர் கடை வாசலில் கிடந்த, முன்னால் ஓடி ஓய்ந்த லாரி டயர் ஒன்றைக் காட்டி, அதன்மேல் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையைப் பட்டன்களின் மேல் குறுக்காக, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக நகர்த்தினால் வழுவழுவென்று போகிறது. உள்ளிருந்து வெளியே இழுத்தால் ஒவ்வொரு வரிசையின் விளிம்பும் அரத்தின் பல்லாகக் கையில் தட்டுகிறது. மருமகன் நாலைந்து தடவை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தான். கண்ணுக்கு டயர் ஒரே சீராகத்தான் தெரிகிறது. கைக்குத்தான் அந்தப் பல் தெரியும்.

இந்தப் பல் டோ சரியில்லை என்பதன் கையெழுத்து. முன்சக்கரங்கள் இரண்டும் முன்னால் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், விலகிப் பார்த்தால் டோ-அவுட். வண்டி நேராகப் போக, சக்கரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் இழுபடுகிறது. டோ-இன் அளவுக்கு மீறினால் ரப்பர் ஒவ்வொரு வரிசையிலும் வெளி விளிம்பில் மழுங்கி, உள் விளிம்பில் கூராக நிற்கும். அதனால்தான் உள்ளே போகும் கைக்கு வழுவழுப்பு, வெளியே வரும் கைக்குப் பல். தலைகீழாக இருந்தால் டோ-அவுட், உள் ஓரத்தைத் தின்பது அதுதான்.

எவ்வளவு இழுபடுகிறது? லாரியின் முன் டயர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விட்டம். இரண்டு டயர்களுக்கும் நடுவே முன்னால் அளந்ததற்கும் பின்னால் அளந்ததற்கும் இருக்க வேண்டியதைவிட 3 மில்லிமீட்டர் கூடுதல் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. நூறு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது மீட்டர். ஒரு டயரைக் கையால் பிடித்து நூற்றைம்பது மீட்டர் தார் ரோட்டில் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தால் 3 மில்லிமீட்டரின் அருமை தெரியும். தொப்பூரில் இறங்கும்போது சரிவும் பிரேக்கும் சேர்ந்து எடையை முன் அச்சுக்குத் தள்ளுகின்றன. அதே ஒன்றரை மீட்டர் இழுபடல் கூடுதல் பாரத்தோடு நடக்கிறது. லாரியின் முன் அச்சு ஒரே துண்டாகச் செய்த இரும்பு. அதில் கேம்பரை ஸ்பானரால் திருப்ப வழியில்லை. திருப்பக்கூடியது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டையராட் மட்டுமே. அதைத் திருப்பி வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. டயர் ஒன்று இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. அப்படியிருந்தும் அலைன்மென்ட் தள்ளிப்போகிறது, மொட்டையான டயருக்குக் கணக்குக் கேட்கும்போது மட்டும் டிரைவர் முன்னால் நிறுத்தப்படுகிறார். டயரைத் தடவிப் பார்க்கத் தெரிந்தால் அவர் அந்தப் பல்லைக் காட்டிப் பதில் சொல்லலாம். இந்தியச் சட்டப்படி கார், லாரி டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஓரத்தில் அந்த அளவு போனாலும் டயர் போனதுதான், நடுவில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் உதவாது.

பந்தயக் காரில் முன்பக்கம் கொஞ்சம் டோ-அவுட் வேண்டுமென்றே வைப்பார்கள். வளைவுக்குள் நுழையும் கணத்தில் வண்டி சட்டென்று மூக்கைத் திருப்பும். ஆனால் டோ-அவுட் ஏற்கெனவே உள்ளே சாய்ந்த டயரின் உள் ஓரத்தைத்தான் அராவும். கேம்பரும் டோவும் கூட்டுச் சேர்ந்தால் அந்த ஓரம் தாங்காது. ஐந்து சுற்றுப் பந்தயத்தில் பரவாயில்லை. மணிக்கணக்காக ஓடும் பந்தயத்தில் முதலில் குறைக்க வேண்டியது இந்த டோ-அவுட்டைத்தான். திருப்பத்தில் கூர்மை குறைவதற்கு ஓட்டுநர் பழகிக்கொள்வார்.

ஸ்லிக் டயரில் பட்டன் கிடையாது, கையில் பல் தட்டாது. அதை வாசிக்க வெப்பமானி வேண்டும். தடத்திலிருந்து கார் பிட்டுக்குள் வந்து நின்றதும் ஒருவர் ஊசிமுனைக் கருவியோடு ஓடுவார். ஊசியை ரப்பருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கி, உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று டயருக்கு மூன்று அளவு எடுத்து எழுதுவார். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் அகச்சிவப்புக் கருவியை நம்ப மாட்டார்கள். மேல்தோல் சில நொடிகளில் ஆறிவிடும், உள்ளே இருக்கும் சூடுதான் டயர் பட்ட பாட்டைச் சொல்லும். அதே காரணத்துக்காக ஓட்டுநரும் மெல்ல ஆற விட்டு வரக் கூடாது. வேகமாக ஓடிய சுற்றிலிருந்து நேரே உள்ளே வர வேண்டும்.

அந்த மூன்று எண்களை எப்படி வாசிப்பது? உள்ளே 96, நடுவே 88, வெளியே 80 பாகை செல்சியஸ் என்று வந்தால் உள் ஓரம் தன் பங்குக்கு மேல் உழைக்கிறது. கேம்பர் அதிகம், அல்லது டோ-அவுட் அதிகம். மூன்றும் ஒன்றாக வர வேண்டும் என்றும் ஆசைப்படக் கூடாது. நேர்பாதையில் உள் ஓரம்தான் ஓடுகிறது என்பதால் அது ஏழெட்டுப் பாகை கூடுதலாக இருப்பதே நல்ல அறிகுறி. மூன்றும் சமமாக வந்தால் வளைவில் வெளி ஓரம் அதிகம் வாங்குகிறது என்று பொருள். இரண்டு ஓரமும் சூடாக, நடு மட்டும் ஆறியிருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். டயர் உப்பி நடுவில் நின்று ஓடுகிறது.

காற்று என்றதும் டிரைவர் சிரித்தார். அவர்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். பந்தயத்திலும் அதுவே முதல் பாடம், ஆனால் கணக்கு கொஞ்சம் நுணுக்கம். 25 பாகை சூட்டில் 20 பி.எஸ்.ஐ. பிடித்த டயர் ஓடி ஓடி உள்ளே 80 பாகைக்கு வந்தால் கேஜில் 26-க்கு மேல் காட்டும். யாரும் காற்று பிடிக்கவில்லை, சூடு மட்டும் ஏறியது. எனவே பந்தயக்காரர்கள் குளிர்ந்த அளவை வைத்துப் பேசுவதில்லை. சூடான பிறகு எவ்வளவு நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் காலையில் பிடிக்கிறார்கள். மதிய வெயிலில் தடம் கொதிக்கும்போது காலையில் சரியாக இருந்த டயர் உப்பிக்கொள்ளும். காற்றைச் சரிபார்க்காமல் கேம்பரில் கை வைப்பவர், எந்த மாற்றம் எதைச் செய்தது என்று அறியவே முடியாது. கேம்பர், ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும்விட விலை குறைந்த ஸ்பானர் காற்றுதான். அதை முதலில் எடுக்காதவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இதுவரை பேசியது ஒரே டயரின் அகலத்துக்குள் நடக்கும் பங்கீடு. முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே நடக்கும் பங்கீடு வேறு. முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பார்: 120 கிலோ. அதில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை. எடை, உயரம், அகலம், வளைவின் விசை, அவ்வளவுதான். எவ்வளவு கடினமான ஸ்பிரிங் போட்டாலும் மென்மையான ஸ்பிரிங் போட்டாலும் மொத்தம் 120 மாறியே தீரும். ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் தீர்மானிப்பது, அந்த 120-இல் முன் அச்சு எத்தனை சுமக்கிறது, பின் அச்சு எத்தனை சுமக்கிறது என்பதை. எந்தப் பக்கம் சாய்வை இறுக்கிப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் சுமக்கும்.

அதனால் என்ன என்றால், டயருக்கு ஒரு குணம் உண்டு. பாரத்தை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். ஆகவே வெளி டயருக்கு ஏறிய பாரம் தரும் லாபம், உள் டயர் இழந்ததை ஈடுகட்டாது. எடை அதிகம் மாறும் அச்சு மொத்தத்தில் பிடிமானத்தை இழந்து முதலில் சறுக்கும். சறுக்கும் அச்சின் டயர்தான் தேயும். முன் டயர்கள் சீக்கிரம் போகின்றன, வண்டி திரும்பாமல் வெளியே தள்ளுகிறது என்றால் முன் ஆன்ட்டி ரோல் பாரைத் தளர்த்து, அல்லது பின்னதை இறுக்கு. பின் டயர்கள் போகின்றன, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வால் அலைகிறது என்றால் எதிர்த்திசையில் செய். சஸ்பென்ஷன் முழுவதிலும் டயர் ஆயுளை இவ்வளவு எளிதாக இடம் மாற்றிக் கொடுப்பது வேறொன்று இல்லை. நிறையக் கார்களில் இதை ஒரு நெம்புகோலை நகர்த்தி இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

முன்பு சொன்னதோடு இது மோதுகிறதே என்று கேட்கலாம். சாய்வைக் குறைக்கப் பாரை இறுக்கச் சொன்னேன், இப்போது முன் டயரைக் காக்கத் தளர்த்தச் சொல்கிறேன். மோதத்தான் செய்கிறது. அதனால்தான் முன்னும் பின்னும் சேர்த்து இறுக்குவது, காஸ்டரில் ஈடுகட்டுவது என்று சுற்றி வளைத்துப் போக வேண்டியிருக்கிறது. ஒன்றை இழுத்தால் மூன்று நகரும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்மானத்தில் அதன் பங்கு, சக்கரத்தைத் தரையில் ஒட்ட வைத்திருப்பது. ஷாக் செத்துவிட்டால் சக்கரம் துள்ளித் துள்ளி இறங்கும், டயரைச் சுற்றிலும் விட்டு விட்டுப் பள்ளம் விழும். லாரி டயரில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்படியெல்லாம் திருப்பி வைத்தால் எந்த டயரையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2013 ஜூன் 30-ஆம் தேதி சில்வர்ஸ்டோனில் நடந்த பார்முலா 1 பந்தயத்தில் ஹாமில்டன், மாஸா, வெர்ன் ஆகியோரின் பின் டயர்கள் ஓடும்போதே வெடித்துச் சிதறின. பெரேஸின் டயரும் போனது. டயரைச் செய்த பிரெல்லி சொன்ன காரணங்களில் மூன்று நம் பேச்சுக்கு நேரே வருகின்றன: அணிகள் காற்றைக் குறைத்துப் பிடித்தன, கேம்பரை அளவுக்கு மீறி வைத்தன, இடது பின் டயரையும் வலது பின் டயரையும் மாற்றிப் போட்டன. தடத்தின் ஓரக் கர்புகளும் சேர்ந்துகொண்டன. அடுத்த பந்தயத்திலிருந்தே டயரைப் பக்கம் மாற்றிப் போடுவது தடை செய்யப்பட்டது, காற்றுக்கும் கேம்பருக்கும் எல்லை விதிக்கப்பட்டது. நொடியில் ஒரு பின்னத்துக்காக எல்லாரும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனதன் விலை அது.

நம் ஊர்க்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட கதையும் இருக்கிறது. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அந்த ஆண்டு விதிப்படி தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். 13-ஆவது வளைவு, நீள்வட்டத் தடத்தின் சரிவான மூலை. அங்கே காரின் முழு வேகமும் பாரமும் இடது பின் டயர் மேல் இறங்கும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் அந்த இடத்தில் போய், கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் தன் டயர் தாங்காது என்று மிஷலின் கைவிரித்தது. மிஷலின் டயரில் வந்த 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த 6 கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஜோர்டான் அணியின் காரை ஓட்டிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். பார்முலா 1-இல் இந்தியர் ஒருவர் புள்ளி எடுத்தது அதுவே முதல் முறை. ஆறு கார்தானே என்று அதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. 72 சுற்றை ஒரே செட் டயரில் ஓடி முடித்துக் கொண்டுவந்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நரேன் ஓட்டத் தொடங்கியது ஸ்ரீபெரும்புதூரில், பார்முலா மாருதி காரில். கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய சின்னக் கார் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறந்தது: 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகப் போனால் சென்னைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அந்த இடம் வந்துவிடும். ஓடுதளத்தில் நடந்த காலத்தில் நேர்பாதைதான் அதிகம். நிரந்தரத் தடத்தின் விதவிதமான வளைவுகள் வந்த பிறகுதான் டயரை வாசிக்க வேண்டிய கட்டாயம் இங்கே வந்தது என்பது என் எண்ணம். பார்முலா மாருதி போன்ற சக்தி குறைந்த வண்டியில் வேகத்தை மிதித்து வாங்க முடியாது. டயரை வீணாக்காமல் சேர்த்து வைத்துத்தான் வாங்க முடியும். படிக்க அதைவிட நல்ல வண்டி இல்லை.

“டயர எவ்ளோ கம்மியா சறுக்க விடுறமோ அவ்ளோ நல்லதா மாமா?” என்று மறுபடி கேட்டான். இல்லை, அதற்கும் எல்லை இருக்கிறது. ஸ்லிக் ரப்பர் பொதுவாக 80-லிருந்து 100 பாகைக்குள் இருந்தால்தான் இளகிப் பிடிக்கும். ஓட்டுநர் பொத்திப் பொத்தி ஓட்டி டயர் சூடாகாமல் விட்டால், ஆறிய மேல்தோல் பிடிக்காமல் சறுக்கி, சின்னச் சின்னத் திரிகளாக உருண்டு டயர் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரிகளின் மேல் ஓடும் கார் இன்னும் சறுக்கும், இன்னும் திரிகள் சேரும். சூடு மிஞ்சினால் வேறு விதம்: உள்ளே ரப்பர் கொதித்துக் கொப்புளம் வெடிக்கும். முதலாவது மேல்தோலில் நடப்பது, இரண்டாவது உள்ளிருந்து கிளம்புவது. இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர். டயரைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பார்ப்பவர் ஒன்றுக்கு மற்றதன் மருந்தைக் கொடுத்துவிடுவார்.

ஆகவே பயிற்சி நாளில் வரிசை முக்கியம். கைப்பிடி அளவு நோட்டுப் புத்தகம் வேண்டும். முதல் ஓட்டத்தில் எதையும் தொடாமல் ஐந்தாறு சுற்று ஓட்டி, நான்கு டயருக்கும் மும்மூன்று வெப்ப அளவும் சூடான காற்றழுத்தமும் எழுதிக்கொள்ள வேண்டும். தடத்தின் சூடு, வெயிலா மேகமா என்பதையும் சேர்த்து. அடுத்து காற்று. அதற்குப் பின் டோ. பிறகு முன்பின் சமநிலைக்கு ஆன்ட்டி ரோல் பார். கேம்பர் அதற்கும் பிறகு, கால் பாகை கால் பாகையாக. ஒரு ஓட்டத்துக்கு ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி நன்றாக ஓடினாலும் ஒன்றும் கற்றதாகாது.

டிரைவருக்கு இதில் பிடித்தது நூல் விஷயம்தான். கோடிக்கணக்கில் செலவழிக்கும் அணிகளும் தடத்தில் டோ அளப்பது நூலால் என்றதும் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். காரின் இரு பக்கமும், சக்கர மையத்தின் உயரத்தில், முன்னும் பின்னும் நிறுத்திய தாங்கிகளில் இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுவார்கள். இரண்டும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்கும்படி சரிசெய்துகொள்வார்கள். பிறகு எஃகு அளவுகோலால் ஒவ்வொரு வீலின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளப்பார்கள். இரண்டும் ஒன்றானால் சக்கரம் நேர். முன்விளிம்பு அரை மில்லிமீட்டர் நூலுக்குக் கிட்டே வந்தால் டோ-அவுட். லாரிக்கும் இதே நூல் போதும். மட்டமான தரையும் பொறுமையும் இருந்தால் சரி.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கேம்பரை மாற்றினால் டையராட் அதே நீளத்தில் நிற்க, சக்கரத்தின் மேல்முனை நகர்வதால் டோவும் தன்னால் மாறிவிடும். காலையில் நூல் கட்டிச் சரியாக வைத்த டோ, மதியம் கேம்பரைத் தொட்ட அந்த நிமிடத்தில் பொய்யாகிவிடும். உள்பக்கத் தேய்மானத்தைக் குறைக்கக் கேம்பரை இறக்கி, டோ-அவுட் கூடியதைக் கவனிக்காமல் விட்டு, தேய்மானம் குறையவில்லையே என்று இன்னும் கேம்பரை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேம்பரில் ஸ்பானர் பட்டதும் நூலைத் திரும்பக் கட்ட வேண்டும். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எடைக்கு மணல் மூட்டை வைக்க வேண்டும். பெட்ரோல் பந்தயத்தில் இருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், டயரில் காற்று சூடான அளவில் இருக்க வேண்டும். வண்டியைக் கையால் நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகுதான் அளவுகோலை நூலருகே கொண்டுபோக வேண்டும்.